காத்திருக்கக் கூடாத விசை

மாற்றுத்திறனாளிகளுக்கான எளிதணுகல் இயக்ககத்தின் வாசலில் செங்குத்தான படிகள் உண்டு. சாய்தளமும் உண்டு, இல்லையென்று யாரும் குறை சொல்லிவிட முடியாது. அது கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டருக்கும் கால் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே, பூட்டிய கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சாவி மேல்மாடியில் இருக்கிறது. மேல்மாடிக்குப் போகப் படிதான் வழி.

படியேறி உள்ளே வந்தால் இரண்டு பலகைகள் கண்ணில் படும். ஒன்று மின்பலகை. பொதுமக்களிடமிருந்து வந்த கேள்விகள் எத்தனை என்று சிவப்பு எண்ணில் மின்னிக்கொண்டிருக்கும். மற்றது மரப்பலகை, குடைகள் போட்டு வைக்கும் தொட்டிக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும். முன்னொரு காலத்து இயக்குநர் ஒருவர், ஓய்வு பெறுகிற வாரத்தில் திடீரென்று வந்த ஞானோதயத்தில் அதை எழுதி மாட்டிவிட்டுப் போயிருந்தார். ‘கேட்பதற்கு அஞ்ச வேண்டாம். கேள்வி நிலுவையில் இருக்கும்வரை, கேட்டவர் மீது இந்த இயக்ககம் எந்த நடவடிக்கையும் எடுக்காது’ என்று அதில் எழுதியிருந்தது. அதைப் படித்தவர்கள் மழைக்காலத்தில் குடை வைக்க வந்தவர்கள் மட்டும்தான்.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிற வேலை பதிலக்காவுக்கு. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவள் பதிலக்காதான். இளவயதில் வந்த ஒரு நரம்புக் காய்ச்சல் அவளுடைய இரண்டு கைகளையும் தோளிலிருந்து சும்மா தொங்கவிட்டுவிட்டுப் போயிருந்தது. தலை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கும். மூக்குக்கண்ணாடியின் நடுவில் ஒரு வெள்ளிப் பொட்டை ஒட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்காருவாள். கணினியின் கேமரா அந்தப் பொட்டைப் பார்க்கும். அவள் தலையை அசைத்தால் திரையில் அம்புக்குறி அசையும். திரையிலேயே ஒரு விசைப்பலகை விரிந்திருக்கும். அம்புக்குறியை ஓர் எழுத்தின் மேல் கொஞ்சம் நிறுத்தினால் அந்த எழுத்து விழும். அப்படியே நிறுத்தி நிறுத்தி, பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவாள். ஒற்றுப்பிழை வராது.

இந்த வேலை கிடைப்பதற்கு முன் தம்பி வீட்டில் இருந்தாள். தம்பியும் நல்லவன், தம்பி மனைவியும் நல்லவள். நல்லவர்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம். கோபித்துக்கொள்ளக்கூட ஒரு காரணம் கிடைக்காது. வீட்டுக்கு வருகிறவர்கள் அவள் எதிரிலேயே, “இவங்க சாப்பிட்டாங்களா?” என்று தம்பி மனைவியிடம் கேட்பார்கள். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அதே ஆட்கள் அவள் முகத்தைப் பார்த்து, “ஆபீஸ்ல என்ன விசேஷம்?” என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே அவள் எந்த மேலதிகாரியையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். தகுதிகாண் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. அது ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம். முடியாவிட்டால் மறுபடியும் ‘இவங்க சாப்பிட்டாங்களா’தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் இயக்குநருக்குப் பொறுமையைப் பற்றிப் பேசத் தோன்றியது.

நடந்தது இதுதான். ‘சமவிசை’ என்ற அந்தத் திரை விசைப்பலகை இயக்ககத்தின் சொந்தத் தயாரிப்பு. வெளியில் இருந்த கை முடியாதவர்களும் அதைத்தான் வைத்துக்கொண்டு எழுதினார்கள். அதோடு தன்னைப் படம் எடுத்துக்கொள்ள இயக்குநர் ஆசைப்பட்டார். திரையில், மறுநாள் அவர் பேச வேண்டிய ‘பொறுமையே பெருந்தொண்டு’ என்ற உரை திறந்திருந்தது. படத்துக்கு நின்றபடி, சும்மா இருக்காமல் கண்ட்ரோல் விசையை ஒரு தட்டுத் தட்டினார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கேள்விக்குறி போட வேண்டுமானால் ஷிஃப்டையும் இன்னொரு விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். பத்து விரல் உள்ளவர்கள் இதை யோசித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே ஓர் அம்புக்குறியை வைத்துக்கொண்டு இருக்கிறவள் இரண்டு இடத்தில் எப்படி நிற்பாள்? அதனால்தான் திரை விசைப்பலகையில் ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் போன்ற விசைகளை ஒருமுறை தட்டினால், அடுத்த விசை வரும்வரை அமுங்கியபடியே காத்திருக்கும். அந்த மென்பொருளில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான்.

இயக்குநர் தட்டிய கண்ட்ரோல் அப்படித்தான் சமத்தாகக் காத்திருந்தது. படக்காரர், “சார், இன்னொரு தட்டு” என்றார். இயக்குநர் ‘ஏ’யைத் தட்டினார். இரண்டும் சேர்ந்து, உரை முழுவதும் தேர்வாகி நீலமாக மாறியது. “இன்னும் ஒண்ணு சார்.” இன்னோர் எழுத்தைத் தட்டினார். நீலமான உரை முழுவதும் மறைந்து, அந்த ஓர் எழுத்து மட்டும் மிஞ்சியது. பொறுமையைப் பற்றி யார் யாரிடமோ எழுதி வாங்கிச் சேர்த்ததெல்லாம் போய்விட்டது.

“யாருய்யா இதைச் செஞ்சது?” என்று இயக்குநர் போட்ட சத்தத்தில் கீழ்த்தளத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கணினிப் பிரிவிலிருந்து வயர்காரன் ஓடி வந்தான். எப்போதும் கழுத்தில் ஒரு கேபிளைச் சுற்றிக்கொண்டு திரிவதால் அவனுக்கு அந்தப் பெயர்.

“கண்ட்ரோல் கீ அமுங்கியே இருந்திருக்கு சார்.”

“ஏன் அமுங்கியே இருக்கு?”

“அடுத்த கீக்காகக் காத்திருக்கும் சார். அது வந்து, கை முடியாதவங்களுக்காக…”

“காத்திருக்குமா? என் ஆபீஸ்ல எதுவும், யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. தெரியுதா?”

அவர் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில், காலையிலிருந்து ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தன்னைத்தான் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார், பாவம்.

அந்த வாரமே ‘விசை ஒழுங்குத் திருத்தம்’ வந்தது. இனிமேல் எந்த விசையும் தட்டியவுடன் விடுபட்டுவிடும். அதைச் சோதிக்க ஒரு குழு போட்டார்கள். குழுவினர் திரை விசைப்பலகையைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, மேசைமேல் இருந்த நிஜ விசைப்பலகையில் இரண்டு கையாலும் தட்டிப் பார்த்தார்கள். எல்லாம் அருமையாக வேலை செய்தது. ‘விசைகள் ஒட்டிக்கொள்ளும் நெடுநாள் குறை களையப்பட்டது’ என்று சான்றிதழ் எழுதினார்கள். வயர்காரனும் அதில் கையெழுத்துப் போட்டான். பதிலக்கா பின்னால் அவனைப் பிடித்துக் கேட்டபோது, “அக்கா, எனக்கு ரெண்டு பிள்ளைங்க” என்றான். பிள்ளைகளுக்கும் ஷிஃப்ட் விசைக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கே புரிந்தது.

திருத்தம் வந்த மறுநாள் காலை பதிலக்கா வழக்கம்போல் வந்து உட்கார்ந்தாள். கணினியைத் திறக்கக் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். கண்ட்ரோல்மேல் அம்புக்குறியை நிறுத்தினாள். அமுங்கியது, உடனே எம்பி மேலே வந்துவிட்டது. ஆல்ட்டுக்குப் போனாள். அதுவும் அப்படியே. கழுத்து வலிக்கும்வரை முயன்றாள். கணினி திறக்கவில்லை. கணினி திறந்தால்தான் வருகைப் பதிவு விழும். அந்த அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் வழக்கம் எப்போதோ போய்விட்டது.

கண்காணிப்பாளர் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். சாந்தமான மனிதர். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். சாந்தமாகவே பலரை வீட்டுக்கு அனுப்பியவர்.

“என்னம்மா, இன்னைக்கு வரலையா?”

“வந்துட்டேன் சார். உங்க முன்னாடிதானே உக்காந்திருக்கேன்.”

“எனக்குத் தெரியுதும்மா. நான் பாக்கிறேன். சிஸ்டத்துக்குத் தெரியலையே.”

“நீங்களே பாத்துட்டீங்க இல்ல சார். நீங்க சொல்லக் கூடாதா?”

“நான் மனுஷன்ம்மா. தப்பா பாத்திருக்கலாம். சிஸ்டம் தப்பா பாக்காது.”

அப்போது அந்தப் பக்கமாகப் போன வயர்காரன், மனசு கேட்காமல், அவள் மேசைமேல் குனிந்து மூன்று விசைகளையும் நிஜ விசைப்பலகையில் அழுத்திவிட்டான். கணினி திறந்துகொண்டது. மாலைக்குள் அவனுக்கு ஒரு மெமோ வந்தது. ஒருவருக்காக இன்னொருவர் கணினியைத் திறப்பது ஆள்மாறாட்டம் என்று அதில் கண்டிருந்தது. அதற்கப்புறம் அவள் மேசையைக் கடக்கும்போதெல்லாம் அவன் இரண்டு கைகளையும் சட்டைப்பையிலும் கால்சட்டைப்பையிலுமாகத் திணித்துக்கொண்டு நடந்தான்.

அன்றிலிருந்து பதிலக்கா தினமும் வந்தாள், தினமும் உட்கார்ந்தாள், தினமும் வரவில்லை. மூடிய திரைமுன் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்குச் சுற்றி நடப்பதைப் பார்க்க நேரம் கிடைத்தது. அப்போதுதான் வாசலில் இருந்த மின்பலகையைக் கவனித்தாள். கேள்விகள் எண்ணிக்கை ஒவ்வொரு நாளும் சரிந்துகொண்டே வந்து, ஒரு நாள் பூஜ்யத்தில் போய் நின்றது.

கண்காணிப்பாளரின் திரையை எட்டிப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. கடிதங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஷிஃப்ட் விசை நிற்காததால் ஒன்றிலும் கேள்விக்குறி இல்லை. வகை பிரிக்கிற மென்பொருள் கேள்விக்குறியைப் பார்த்துத்தான் கேள்வி என்று கண்டுகொள்ளும். மற்றதெல்லாம் ‘கருத்து’. கருத்துக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. நன்றியோடு அடுக்கி வைத்தால் போதும்.

“என் பரீட்சை நெருங்கிவிட்டது. பிறர் உதவி இல்லாமல் கணினியைத் திறக்கவே முடியவில்லை. இந்த விசை எப்போது சரியாகும்” என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். அதற்கு எதிரே பச்சை நிறத்தில் ‘கருத்து. நன்றி’ என்று இருந்தது.

“சார், இந்தப் பொண்ணு கேள்விதானே கேக்குது?”

“எப்படிச் சொல்றீங்க?”

“எப்போது சரியாகும்னு கேட்டிருக்கே சார்.”

கண்காணிப்பாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். “எப்போது சரியாகும். ஆமா. அந்தப் பொண்ணோட மனசுல இருக்கிறதைச் சொல்லியிருக்கு. நல்லா எழுதியிருக்கு.”

பதிலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போனதும் தம்பியை விட்டு இயக்ககத்தின் புகார்ப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். கடவுச்சொல்லில் ஷிஃப்டோடு போட வேண்டிய ஒரு குறியாவது இருக்க வேண்டும் என்று பக்கம் அடம்பிடித்தது. ஷிஃப்ட் வேலை செய்யவில்லை என்று சொல்ல வருகிறவளும் ஷிஃப்டை அழுத்திவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அதைத் தம்பி போட்டுக் கொடுத்தான்.

“புகாரையும் நானே அடிச்சிடறேன் அக்கா. நீ சொல்லு.”

“வேணாம்டா. என் புகாரை நான்தான் எழுதுவேன். எனக்கு வாயில்லைன்னு அங்க யாரும் நெனச்சிடக் கூடாது.”

வீம்புக்காரி. வெள்ளிப் பொட்டை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, கேள்விக்குறி இல்லாமல், நிறுத்தி நிறுத்தி எழுதி முடித்தாள். கை முடியாதவர் எழுதும் புகார் என்ற கட்டத்தையும் தேர்ந்தெடுத்தாள். அப்படிப்பட்ட புகாரைக் கருத்து என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குக் குறித்த காலத்துக்குள் பதில் எழுதியாக வேண்டும். யார் எழுத வேண்டும்? பதில் பிரிவு. பதில் பிரிவில் யார் இருக்கிறார்கள்? பதிலக்கா இருக்கிறாள்.

அவளுடைய புகார் அவளுடைய மேசைக்கே வந்து சேர்ந்தது. அவளால் திறக்க முடியாத கணினிக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. காலக்கெடு தாண்டியது. கண்காணிப்பாளர் ஒரு மெமோவோடு வந்தார்.

“உங்களை நான் இப்படி நெனக்கலைம்மா. கை முடியாத ஒருத்தர் புகார் குடுத்திருக்காங்க. நீங்க அதைக் கண்டுக்கவே இல்லையே.”

“அந்தக் கை முடியாத ஆள் நான்தான் சார்.”

“அப்போ அது இன்னும் மோசம். உங்க மேலயே உங்களுக்கு இரக்கம் இல்லைன்னா, பொதுமக்கள் மேல எப்படிம்மா வரும்?”

விசாரணை வைப்பார்கள் என்றார். வருகையும் இல்லை, பதிலும் இல்லை, தகுதிகாண் காலமும் முடியப்போகிறது; முடிவு எப்படி இருக்கும் என்பதைத் தான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றும் சொன்னார். சொன்னதையெல்லாம் வருத்தத்தோடுதான் சொன்னார். அன்று வீட்டில் தம்பி மனைவி சோறு ஊட்டும்போது பதிலக்கா இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. மறுபடியும் அந்த நாற்காலி, அந்த ஜன்னல், வருகிறவர்களின் அந்த இரக்கப் பார்வை. பயமாக இருந்தது. அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துவிட வேறொருத்தி வேண்டியிருந்ததால் அழுகையும் ரகசியமாக முடியவில்லை.

இதற்கிடையில் இயக்குநர் சும்மா இருக்கவில்லை. ‘மாற்றுவிசை உணர்வுப் பட்டறை’ ஒன்று நடத்தினார். அதிகாரிகள் எல்லோருக்கும் வலது கையைப் பட்டுத்துணியால் முதுகுப்பக்கம் கட்டினார்கள். கை இல்லாதவர்களின் சிரமத்தை மதிய உணவு வரைக்கும் அனுபவிக்க ஏற்பாடு. இயக்குநர் இடது கையின் கட்டைவிரலை ஷிஃப்ட்மேல் வைத்து, மற்ற விரல்களை எட்டு எட்டென்று எட்டவிட்டு, ஒரு கேள்விக்குறியைப் போட்டுக் காட்டினார். பலத்த கைதட்டல். வலது கை கட்டியிருந்தவர்கள் தொடையில் தட்டினார்கள்.

“பாத்தீங்களா? மனமிருந்தால் மார்க்கமுண்டு. ஒரு கையாலேயே முடியுது. குறை கையில இல்லை, மனசுல!”

“ரெண்டு கையும் இல்லாட்டி சார்?” என்று பின்வரிசையிலிருந்து பதிலக்கா கேட்டாள்.

இயக்குநர் கனிவாகச் சிரித்தார். “அது அடுத்த பட்டறைம்மா.”

கேள்வியே வராத இயக்ககம் என்று சமவிசைக்கு ஒரு கேடயம் அறிவித்தார்கள். அதைக் கொடுக்க அமைச்சரே வருவதாக முடிவாயிற்று. விழா மேடையில், கை முடியாத ஒருவர் சமவிசையில் ‘நன்றி’ என்று எழுதிக் காட்ட வேண்டும். அந்த இயக்ககத்தில் அப்படி ஒருத்திதான் இருந்தாள். விசாரணையை விழாவுக்கு மறுநாளுக்குத் தள்ளி வைத்தார்கள்.

“நல்லா எழுதுங்கம்மா. விசாரணைல உங்களுக்கு அது உதவியா இருக்கும்னு நான் சொல்லலை. சொல்லவும் கூடாது” என்றார் கண்காணிப்பாளர்.

விழா நாளில் மேடை பளபளவென்று இருந்தது. நடுவில் ஒரு மேசை, அதில் ஒரு கணினி. படத்தில் அசிங்கமாக விழும் என்று நிஜ விசைப்பலகையைப் பிடுங்கி எடுத்துவிட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குப் பெரிய திரை. கணினியில் நடப்பதெல்லாம் அதில் தெரியும். வயர்காரன் முன்கூட்டியே கணினியைத் திறந்து வைத்திருந்தான்.

இயக்குநர் பேச எழுந்தார். “பெருமதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களே! முன்பெல்லாம் மக்கள் எங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எப்போது, ஏன், எப்படி என்று நச்சரித்தார்கள். இன்று யாரும் எதையும் கேட்பதில்லை. ஒரு மனிதன் கேட்காமல் இருக்கிறான் என்றால் என்ன பொருள்? அவனுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று பொருள்! நான் சவால் விடுகிறேன். இனி இந்த இயக்ககத்துக்கு ஒரே ஒரு கேள்வி வந்தாலும், அதற்கு நானே, என் கைப்பட, பதில் எழுதுவேன்!”

அமைச்சர் தலையை ஆட்டி, பக்கத்தில் இருந்த உதவியாளரிடம் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். இயக்குநருக்கு உற்சாகம் தாங்கவில்லை. தன் இளமைக்காலம், தன் உழைப்பு, தனக்குக் கிடைக்காத பதவி உயர்வு என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. யாரும் தொடாமல் இருந்த கணினி, தன் பழக்கப்படி, சத்தமில்லாமல் பூட்டிக்கொண்டது.

பதிலக்காவை அழைத்தார்கள். வந்து உட்கார்ந்தாள். பெரிய திரையைப் பார்த்தாள்.

“சார், பூட்டிக்கிச்சு.”

“அதனால என்னம்மா, திறங்க” என்றார் இயக்குநர், சபையைப் பார்த்துச் சிரித்தபடி.

அம்புக்குறியைக் கண்ட்ரோல்மேல் நிறுத்தினாள். அமுங்கியது, எம்பியது. ஆல்ட். அமுங்கியது, எம்பியது. டெலீட். ஒன்றும் நடக்கவில்லை. அவள் அவசரப்படவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மண்டபம் முழுக்க அதைப் பார்த்தது. இத்தனை நாளாக அவள் தனியாகப் பார்த்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

“நகருங்கம்மா, பதட்டப்படறீங்க” என்று இயக்குநர் மவுஸைப் பிடித்தார். கண்ட்ரோலைத் தட்டினார், ஆல்ட்டுக்குப் போவதற்குள் கண்ட்ரோல் எழுந்துவிட்டது. வேகமாகப் போனால் பிடித்துவிடலாம் என்று நினைத்து ஓட்டினார். அம்புக்குறி திரையில் கரப்பான்பூச்சி மாதிரி அங்கும் இங்கும் ஓடியது. வியர்த்துக் கொட்டியது. சோதனைக் குழுவினர் மேடையேறினார்கள். ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து இழுத்தார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து எத்தனை விரல் இருந்தால் என்ன, அம்புக்குறி ஒன்றுதான். பட்டறையில் கட்டைவிரலால் சாதித்தவர் அந்தக் கட்டைவிரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். “என்னய்யா, இத்தனை பேர் இருக்கீங்க, ஒரு பெட்டியைத் திறக்கத் தெரியலையா?”

பதிலக்கா ஒலிவாங்கி பக்கம் முகத்தைக் கொண்டுபோனாள். “அந்தக் கீ அடுத்த கீ வரைக்கும் கொஞ்சம் காத்திருந்தா போதும் சார். திறந்துடும். முன்னெல்லாம் காத்திருந்துச்சு.”

“அப்போ காத்திருக்கச் சொல்லுங்கய்யா” என்று சொல்லிவிட்டு, கேடயத்தை இயக்குநர் கையில் திணித்துவிட்டு, அமைச்சர் கிளம்பிப் போனார்.

மறுநாள் காலை வயர்காரன் வந்து, தேநீர் ஆறுவதற்குள் விசையைச் சரி செய்துவிட்டான். மேடையில் தாமே முன்னின்று நடத்திய களச் சோதனையில் இயக்குநர் இந்தக் குறையைக் கண்டுபிடித்ததாகச் சுற்றறிக்கை வந்தது. பதிலக்கா கண்ட்ரோல்மேல் அம்புக்குறியை நிறுத்தினாள். அது அமுங்கி, மஞ்சளாக ஒளிர்ந்து, அவளுக்காக நின்றது. ஆல்ட்டும் நின்றது. டெலீட்டைத் தொட்டதும் கணினி திறந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

கண்காணிப்பாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்தான் விசாரணை அதிகாரியும்.

“ரொம்ப சுலபமா முடிச்சிடலாம்மா. உங்க புகார் உங்க கிட்டதான் இருக்கு. பதில் எழுதுங்க. அப்புறம் புகார் குடுத்தவங்களுக்குத் திருப்தியான்னு கேக்கும். ஆம்னு குடுங்க. புகார் முடிஞ்சது, மெமோ முடிஞ்சது, வேலை நிரந்தரம்.”

பதிலக்கா பதில் எழுதினாள். ‘திருப்தியா?’ என்று கேட்டு, ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள் வந்தன. ‘ஆம்’ இருந்த பக்கமாக அம்புக்குறியை நகர்த்தினாள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது.

“இது என்ன சார், இணைக்கப்பட்ட கருத்துகள்னு?”

“அதுவா? விசையைப் பத்தி வெளியிலேர்ந்து வந்ததெல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதானே. உங்களோடதோட சேத்துக் கட்டிட்டோம். நீங்க ஆம்னு குடுத்தா அவங்க எல்லாருக்கும் ஆம்.”

“அவங்களுக்கும் விசை சரியாயிடுச்சா சார்?”

கண்காணிப்பாளர் கையைப் பிசைந்தார். “இந்தக் கட்டடத்துக்குள்ள சரியாயிடுச்சும்மா. அமைச்சர் இங்கதானே வருவார். வெளியில இருக்கிறவங்களுக்கு… தேவை ஏற்பட்டா பாக்கலாம்னு இயக்குநர் சொல்லியிருக்கார். எல்லாருக்கும் திருப்தின்னு ஆயிட்டா, தேவை எப்படிம்மா ஏற்படும்?”

பதிலக்கா தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அசைத்தால் அம்புக்குறி ஏதாவது ஒரு கட்டத்தில் விழுந்துவிடும். அந்தப் பரீட்சைக்காரப் பெண் நினைவுக்கு வந்தாள். தம்பி வீட்டு ஜன்னலும் நினைவுக்கு வந்தது. ஆம் என்று கொடுத்துவிட்டால் நாளைக்கும் இந்த நாற்காலி. யாரும் அவளைக் குறை சொல்லப் போவதில்லை. அந்தப் பெண்ணுக்கு இவளைத் தெரியவும் போவதில்லை. அந்தச் சாந்தமான மனிதர் மெதுவாக, “ஆம்னு குடுங்கம்மா, ஆம்” என்று சாமி கும்பிடுகிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

‘இல்லை’யின் மேல் நிறுத்தினாள்.

காரணம் எழுத ஒரு பெட்டி திறந்தது. நிறுத்தி நிறுத்தி எழுதினாள். ‘அந்த விசை காத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தது யார்’. பிறகு ஷிஃப்டுக்குப் போனாள். அது மஞ்சளாக ஒளிர்ந்து நின்றது. அடுத்த விசையைத் தொட்டாள். கேள்விக்குறி விழுந்தது.

“அம்மா, வேணாம்மா. அதை மட்டும் அழிச்சிடுங்க. அந்தக் குறியை மட்டும்!”

“அனுப்பிட்டேன் சார்.”

வாசலில் மின்பலகை ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு, பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு மாறியது. ஒரு கேள்வி வந்தாலும் தெரிவிக்கும்படி அமைச்சர் அலுவலகம் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்ததால், அங்கேயும் அது போய்ச் சேர்ந்தது. மதியத்துக்குள் தொலைபேசி வந்துவிட்டது: கைப்பட எழுதும் பதிலை ஒரு பிரதி அனுப்பி வைக்கவும்.

பதில் எழுதுவதில் சிரமம் ஒன்றும் இல்லை. ‘நான்’ என்று ஒரு சொல் எழுதினால் முடிந்தது. இயக்குநர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார், கிழித்தார், எழுதினார். குப்பைக்கூடை நிறைந்தது. மறுநாள், அவளை உடனே வேலையை விட்டு அனுப்பும்படி கண்காணிப்பாளரைக் கூப்பிட்டுக் கத்தினார்.

“முடியாது சார்.”

“ஏன் முடியாது?”

“குடைத் தொட்டிக்குப் பின்னாடி ஒரு பலகை இருக்கு சார். கேள்வி நிலுவையில இருக்கிற வரைக்கும் கேட்டவங்க மேல நடவடிக்கை எடுக்கக் கூடாதாம். இன்னைக்குத்தான் நானே படிச்சேன்.”

“அந்தப் பலகையைக் கழட்டுய்யா!”

“காலையில இந்தக் கேள்வி விஷயமா அமைச்சர் ஆபீஸ்லேர்ந்து வந்து, அதையும் படம் எடுத்துட்டுப் போயிட்டாங்க சார்.”

விசையை வெளியில் இருக்கிறவர்களுக்கும் சரி செய்துவிட்டால் அவள் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்வாள் என்று யாரோ யோசனை சொன்னார்கள். அந்த வாரமே எல்லோருக்கும் சரி செய்தார்கள். உடனே ஊர்ப்பட்ட கேள்விக்குறிகள் வந்து குவிந்தன. மின்பலகையில் எண் ஏறிக்கொண்டே போனது. அதை மறைக்க ஒரு பூந்தொட்டி வைத்தார்கள், பிறகு அதைவிட உயரமான ஒன்றை வைத்தார்கள். பரீட்சைக்காரப் பெண்ணும் எழுதியிருந்தாள். பரீட்சை முடிந்துவிட்டதாம், மறுபரீட்சைக்கு யாரைக் கேட்பது என்று கேட்டிருந்தாள், கேள்விக்குறியோடு. பதிலக்கா அன்றைக்கு முதல் பதிலை அவளுக்குத்தான் எழுதினாள். தன் கேள்வியை மட்டும் திரும்ப வாங்கவில்லை.

இயக்குநர் பதிலைத் தயாரிக்க ஒரு குழு போட்டிருக்கிறார். குழு கூடிக்கொண்டே இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. அதனால் பதிலக்கா இன்னும் வேலையில் இருக்கிறாள்.